யோவானும் கேட்டார், மக்களே

மக்களே,

இயேசுவுக்குப் புகழ். முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் செய்து பெட்டி கட்டியாயிற்று. தெற்கு வீட்டுப் பையன் 18ஆம் தேதி பஹ்ரைன் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். பாசிப்பயறை இந்தத் தடவை நன்றாகச் சிவக்க வறுத்து, கரகரவென்று உடைத்து, பாகையும் இறுக்கமாகவே எடுத்தேன். நாள்பட்டாலும் கெடாது. ரூமில் இருக்கிறவர்களுக்கும் கொடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது.

நீ அனுப்பின பணத்தில் மேலே கான்கிரீட் போட்டு முடித்தோம். வருகிறவர்களிடமெல்லாம் "சின்னவன் போட்டது" என்று அப்பா காட்டுகிறார். முட்டுவலியோடு களியக்காவிளை வரை போய் கிறிஸ்துமஸ் ஸ்டார் வாங்கிவந்து அவரே கட்டினார். பாலனை வைக்கிற குடில்தான் இன்னும் தொடங்கவில்லை. சிரட்டைகளில் கடுகு விதைத்து வைத்தேன், முளைத்துவிட்டது. மீன்பிடி போட்டுக்கு அடித்த நீலப் பெயின்ட் மிச்சத்தில் அண்ணன் பூசின தெர்மோகோல் வள்ளம் குடில் சாமான் பெட்டிக்குள் இருக்கிறது. முனை கொஞ்சம் உடைந்திருக்கிறது, பெயின்ட் போகவில்லை. இடையர்களுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று அப்பா கேட்டார். சின்னவன் சொல்லட்டும் என்றேன்.

நவம்பர் 30 அன்று உன் போன் வரவில்லை. டூட்டி இருந்திருக்கும். இந்த வருஷம் ஒக்கி புயலில் போனவர்களின் நினைவுநாளும் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் கால முதல் ஞாயிறும் ஒன்றாக வந்தது. ஃபாதர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். அண்ணன் பெயர் வந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். நான் போனைச் சத்தம் குறைத்துக் கையிலேயே வைத்திருந்தேன்.

அங்கே வெள்ளிக்கிழமைதானே லீவு. மனாமா திருஇருதயக் கோயிலில் ஞாயிறு பூசையை வெள்ளியன்றே வைப்பார்கள் என்று நீதான் முன்பு சொன்னாய். 2022 நவம்பரில் போப்பாண்டவர் பிரான்சிஸ் வந்தபோது ஸ்டேடியத்தில் நின்று எடுத்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. நீரோடி வரைக்கும் எல்லாரிடமும் காட்டினேன். அதற்குப் பிறகு கோயில் போட்டோ ஒன்றும் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போ. வேறென்ன சொல்லப்போகிறேன்.

போன லீவில் நடுச்சாமப் பூசைக்கு நீ உள்ளே வரவில்லை. கூட்டம் என்றாய். பக்கத்து வாசல் வழியாக நான் பார்த்தேன், மக்களே. கொடிமரத்தடியில் மணலில் நின்றாய். பாலனைக் குடிலில் வைத்தபோது வெளியே நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள், நீ கடல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஆனாலும் பூசை முடிகிறவரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட.

ஒக்கி அடித்த 2017இல் திருவருகை முதல் ஞாயிறு டிசம்பர் 3. சவேரியார் திருநாள், ஆனால் நம் தெருவில் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போக யாருக்கு மனசு இருந்தது? எச்சரிக்கை வரும் முன்பே ஆழ்கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அன்றைக்கு நற்செய்தி என்ன தெரியுமா? விழித்திருங்கள், வீட்டுத் தலைவர் சாயங்காலம் வருவாரா, நடுச்சாமத்தில் வருவாரா, கோழி கூவும்போது வருவாரா, உங்களுக்குத் தெரியாது என்று. கோயில் நிறையப் பெண்கள். வாசித்து முடிக்குமுன் யாரோ அலறினார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதும் வாய் திறக்கவில்லை.

7ஆம் தேதி, காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி ரயிலை மறிக்க, குழித்துறை ஸ்டேஷனுக்கு எல்லா ஊரும் சேர்ந்து நடந்தோமே, வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தவன் நீ. நீதான் ஜெபமாலை சொன்னாய். நான் ஒரு மணிகூட உருட்டவில்லை. உன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தேன், அந்தச் சத்தம்தான் என்னைத் தண்டவாளம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது நான் சொல்கிறேன். தினமும் சாயங்காலம் உனக்காகச் சொல்கிறேன்.

நேற்று மூன்றாம் ஞாயிறு, ரோஸ் மெழுகுதிரி ஏற்றினார்கள். மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர், நற்செய்தியோ சிறைக்குள்ளிருந்து. யோர்தானில் இயேசுவுக்கே திருமுழுக்குக் கொடுத்த யோவான், இவர்தான் என்று ஊருக்குக் கைகாட்டினவர், சிறையில் கிடந்துகொண்டு ஆள் அனுப்பிக் கேட்கிறார்: வர வேண்டியவர் நீர்தானா, இல்லை இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா? எத்தனையோ தடவை கேட்ட வாசகம், நேற்றுத்தான் என் காதில் விழுந்தது. இயேசு கோபப்படவில்லை. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். சிறையைத் திறந்துவிடவும் இல்லை. அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, விளங்கவில்லை என்றுதான் ஜெபத்திலும் சொல்கிறேன். ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போனதுமே கூட்டத்தைப் பார்த்து, பெண்களிடம் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் இல்லை என்றார். கேள்வி கேட்டவரைப் பற்றித்தான் சொன்னார், மக்களே. கேட்டுவிட்டாரே என்று அவரைத் தள்ளவில்லை.

உனக்கும் கேட்க இருந்தால் கேள். என்னிடம் வேண்டாம், அவரிடமே கேள். கோபமாகக் கேட்டாலும் சரி. கேட்கிறவன் வெளியே நிற்க வேண்டியதில்லை.

24ஆம் தேதி ராத்திரி நமக்குப் பூசை பதினொன்றரைக்கு. அங்கே ஒன்பது மணி. மறுநாள் வியாழன், வேலை உண்டு என்று தெரியும். முடிந்தால் மனாமா கோயிலுக்குப் போ. உள்ளே போக மனசில்லாவிட்டால் வெளியே நில், போன தடவை போலவே நில், நான் குறை சொல்ல மாட்டேன். அதுவும் முடியாவிட்டால் ஒன்பது மணிக்கு எனக்குப் போன் போடு. எடுத்து அப்படியே மடியில் வைத்துக்கொள்கிறேன். அக்கா மகள் இந்த வருஷம் பாடகர் குழுவில் இருக்கிறாள், அவள் பாடுவது உனக்குக் கேட்கும். நீ பேச வேண்டாம். அந்த வள்ளத்தை வைக்கலாமா என்று மட்டும் அதற்குள் அப்பாவுக்குச் சொல்லிவிடு.

அம்மா