நியூயார்க் பிரைமரி எல்லோருக்கும் திறக்கட்டும்

ஆசிரியருக்கு,

நியூயார்க் மேயர் தேர்தல் பற்றிய தங்கள் கட்டுரை தரவரிசை வாக்குமுறையைப் பாராட்டியது. சரி, பாராட்ட வேண்டியதுதான். 2019-இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த முறை. வேட்பாளர்களில் ஐந்து பேர் வரை விருப்பப்படி வரிசைப்படுத்தலாம். முதலில் குறித்தவர் ஏதாவது ஒரு சுற்றில் குறைந்த வாக்கு பெற்று நீக்கப்பட்டாலும் வாக்கு அடுத்தவருக்குப் போய்ச் சேரும். 2021 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில், அதாவது மேயர் பதவிக்கான கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில், எரிக் ஆடம்ஸ் எட்டாவது சுற்றில், ஏறத்தாழ 7,200 வாக்கு வித்தியாசத்தில்தான் வென்றார்.

ஆனால் பிரைமரியில் இந்த உரிமை அந்தந்தக் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டுமே. எந்தக் கட்சியிலும் பதியாத நான், 2025 ஜூனில் குயின்ஸ் வாக்குச்சாவடி வாசலிலேயே நின்றேன். மனைவி உள்ளே போய் ஐந்து வட்டங்களையும் நிரப்பிவிட்டு வந்தார். என்னைப் போல் பத்து லட்சம் பேருக்கு மேல் இங்கே இருக்கிறோம். கட்சியில் பதியாதவர்களும் வாக்களிக்கும் திறந்த பிரைமரியைப் பரிசீலித்த, நகரின் அடிப்படைச் சட்டத்தில் மாற்றங்களை முன்மொழியும் சாசனத் திருத்த ஆணையம் அதைக் கைவிட்டது. அடுத்த ஆணையமாவது இதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும்.

- ஒரு வாசகர், குயின்ஸ், நியூயார்க்