ஐந்து நிமிடத்துக்காக மீண்டும் மலையிறக்காதீர்கள்

மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்களுக்கும் ஸ்கேன் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு தோட்ட லயங்களிலிருந்து மறதி நோய்க்காக வரும் முதியவர்களின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஒரு வரி தொடர்ந்து விடுபடுகிறது: மூளையில் நுண்ரத்தக்கசிவு உண்டா, இல்லையா? சென்ற மாதமும் ஒரு மூதாட்டியை இதற்காகவே மறுபடி வரவழைத்தார்கள்.

மறதி நோய்களில் ஒன்றான அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதம் மூளைத் திசுவில் மட்டுமல்ல, சிறு தமனிகளின் சுவரிலும் படியும். சுவரின் மென்தசை அழிந்து குழாய் நொய்ந்துபோகும். ரத்தம் துளித்துளியாகக் கசியும். இது பெரும்பாலும் மூளையின் மேலடுக்கான புறணியை ஒட்டியே இருக்கும். ரத்தக்கொதிப்பால் வரும் கசிவு தலாமஸ் போன்ற ஆழப்பகுதிகளில் அதிகம். இந்த நுண்கசிவுகள் சி.டி.யில் தெரியாது, சாதாரண எம்.ஆர்.ஐ. படவரிசைகளிலும் நழுவிவிடும். கசிவைக் காட்டும் தனிப் படவரிசையான எஸ்.டபிள்யூ.ஐ. எடுத்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். அந்த வசதி இல்லாத கருவியில் கிரேடியன்ட் எக்கோ என்ற படவரிசை போதும். கூடுதலாக ஆவது ஏறக்குறைய ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தை விட்டால், விடியுமுன் ஜீப்பில் இறங்கி, பஸ் மாறி, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, "எங்க கூட்டிட்டுப் போற?" என்று வழியெல்லாம் மகளைக் கேட்டபடி அந்த முதியவர் திரும்பவும் வரவேண்டும். கருவியின் சத்தத்தில் மிரள்பவரை ஒருமுறை அசையாமல் படுக்கவைப்பதே பெரும்பாடு. மகளுக்கு இன்னொரு நாள் கூலி போகிறது. வராமலே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின் மட்டும் தொடர்கிறது. புறணியில் பல கசிவுகள் உள்ளவருக்கு அது மூளை ரத்தப்போக்கின் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்பது நீங்கள் அறிந்ததே. 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, அல்சைமருக்கான லெக்கனெமாப் மருந்தின் முக்கியச் சோதனையில், நான்குக்கு மேல் நுண்கசிவு உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. எண்ணிக்கை அவ்வளவு முக்கியம்.

ஞாபகச் சோதனையும் மலையாளத்தில்தான் நடக்கிறது. கேள்வியே புரியாதவருக்கு மதிப்பெண் குறைவதை எப்படி நோய் என்பது? தமிழர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. "இன்னைக்கு என்ன கிழமை?" என்று தமிழில் கேட்க ஒரு செவிலியர்கூடவா இல்லை?

பொறுத்தருளுங்கள், கோரிக்கைக்கு வருகிறோம். ஸ்கேன் சீட்டில் எஸ்.டபிள்யூ.ஐ. என்று பெயர் சொல்லி எழுதுங்கள். நெடுநேரம் படுக்க முடியாதவருக்கு அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். அறிக்கையில் கசிவின் எண்ணிக்கையும் இடமும் வேண்டும். அடுத்த முகாமுக்கு முன் இதை உத்தரவாக அனுப்பப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தோட்டப் பகுதி மறதி நோயாளிகளைப் பராமரிப்போர்