சென்சரை மாற்றுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிறேக்கை அழுத்தி மிதிக்கும்போது சில்லுகள் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏபிஎஸ். காரில் அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே சில்லு சென்சரை, அதாவது சில்லு சுழலும் வேகத்தை ஏபிஎஸ்ஸுக்குச் சொல்லும் பாகத்தை, மாற்றிவிடும் பழக்கம் எங்கள் பகுதிக் கராச்சுகள் பலவற்றில் ஊறிப்போய்விட்டது. அந்தப் பழக்கத்தால் பணத்தையும் நான்கு மாதங்களையும் இழந்தவன் என்ற முறையில், வன்னியில் வாகனம் வைத்திருப்போருக்கும் அவற்றைத் திருத்துவோருக்கும் சில விடயங்களைத் தங்கள் பத்திரிகை வழியாக எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

என்னுடையது ஒரு பழைய யப்பானியக் கார். சென்ற மாரியில் முன் இடது சில்லின் பெயாரிங் இரையத் தொடங்கியதால் அதை மாற்றுவித்தேன். கராச்சிலிருந்து எடுத்துக்கொண்டு வீடு வந்து சேருமுன்னரே ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. காரின் பிழைகளை வாசிக்கும் ஸ்கானரைப் பூட்டிப் பார்த்தவர், முன் இடது சில்லின் சென்சர் என்று கோட் (பிழை எண்) வருவதாகச் சொல்லி சென்சரை மாற்றினார். விளக்கு அணையவில்லை. கொழும்பிலிருந்து இன்னொன்று எடுப்பித்தோம், அதுவும் பயன்படவில்லை. இனி ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்ட பிறகுதான் வவுனியாவில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். பெயாரிங் மாற்றிய பிறகா விளக்கு எரிந்தது என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி.

அவர் பெயாரிங்கை வெளியே எடுத்து, அதன் ஒரு பக்கச் சீலின் மேல் ஒரு குண்டூசியை வைத்துச் சரித்தார், ஊசி விழுந்தது. மறுபக்கம் வைத்தபோது, அங்கிருந்த கறுப்பு வளையத்தில் ஊசி மெல்ல ஒட்டிக்கொண்டு நின்றது. வடக்கு, தெற்கு என மாறி மாறிக் காந்தமூட்டப்பட்ட அந்த வளையத்தைத்தான் சென்சர் வாசிக்கிறது. சென்சரை நோக்கி உட்புறமாக இருந்திருக்க வேண்டிய பக்கம் வெளிப்புறமாகத் திருப்பி அழுத்தப்பட்டிருந்தது. இரண்டு சென்சர்களும் நல்லவையாகவே இருந்தும், அவை வாசிப்பதற்கு எதிரே ஒன்றும் இருக்கவில்லை. அழுத்திக் கழற்றிய பெயாரிங்கை மீண்டும் பூட்ட முடியாது என்பதால் இன்னொரு பெயாரிங்குக்கும் நான் பணம் கொடுத்தேன்.

கோட் எந்தச் சில்லின் பக்கம் பிழை என்பதை மட்டும் காட்டும். டொயோட்டா வாகனத்தில் சி 0205 என்று வந்தால் அது முன் இடது சில்லின் சென்சர் சிக்னலைக் குறிக்கும். சென்சர், அதற்குப் போகும் வயர், கனெக்டர், வளையம், பெயாரிங் ஆகியவற்றில் எது கெட்டிருக்கிறது என்பதை ஆள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஸ்கானரில் நான்கு சில்லுகளின் வேகத்தையும் ஓடும்போதே பார்க்கலாம். ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையைப் பார்த்துக்கொண்டு மணிக்கு 20, 30 கிலோமீற்றர் வேகத்தில் நேராகப் போனால் போதும். ஒரு சில்லு பூச்சியத்தில் நின்றாலோ, இடையிடையே விழுந்து எழும்பினாலோ, அங்கேதான் தேட வேண்டும். ஒரு சில்லு எப்போதும் சற்றுக் கூடவோ குறையவோ காட்டினால் முதலில் ரயரின் அளவைப் பாருங்கள். செலவைக் குறைப்பதற்காக நான்கில் ஒன்றை வேறு அளவில் போட்டு ஓடுவது எங்களிடையே சாதாரணம்.

அதன் பிறகு கண்ணால் பார்க்க வேண்டும். பிறேக் டிஸ்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள், கிரவல் ரோட்டுச் செஞ்சேற்றோடு சேர்ந்து சென்சரின் நுனியில் பிடித்திருக்கும். ஸ்ரேறிங்கைத் திருப்பும்போதெல்லாம் வளையும் வயர், சொக் அப்சோபரின் அருகில் தோலுக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, ஸ்ரேறிங்கை முழுவதுமாகத் திருப்பிப் பார்த்தால் தெரியும். எலி கடித்த வயரும் உண்டு.

அடுத்தது மல்டிமீற்றர். இங்கேதான் மிகப் பெரிய பிழை நடக்கிறது. பழைய வகைச் சென்சர் காந்தத்தைச் சுற்றிய வெறும் கம்பிச் சுருள். அதன் தடையை ஓமில் அளக்கலாம். பெரும்பாலும் 800 முதல் 2,500 ஓம் வரை இருக்கும், சில்லைக் கையால் சுற்றினால் சிறிய ஏசி வோல்ற்றும் வரும். புதிய வகைச் சென்சருக்குள் மின்னணுச் சுற்று இருக்கிறது. அதை ஓமில் அளந்து, ஒன்றும் காட்டவில்லை, சென்சர் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்வது முற்றிலும் தவறு. அதற்கு இக்னிஷனைப் போட்டுக் கனெக்டரில் ஏறத்தாழ 12 வோல்ற் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வருமானால், சில்லை மெதுவாகச் சுற்றும்போது மின்னோட்டம் ஏறத்தாழ 7, 14 மில்லி அம்பியர் என மாறி மாறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வோல்ற்றே வரவில்லை என்றால் எத்தனை புதுச் சென்சர் பூட்டினாலும் விளக்கு அணையாது.

விளக்கே எரியாத ஒரு பிழையும் உண்டு. சென்சர் வாசிப்பதற்குக் காந்த வளையத்துக்குப் பதிலாக இரும்புப் பல்வளையம் உள்ள பழைய வாகனங்களில், அடியில் துருப் பிடித்து வளையம் வெடித்துவிடும். அப்போது கார் நிற்கப்போகும் தறுவாயில், ஆள் நடக்கும் வேகத்தில், பிறேக் பெடல் காலடியில் கடகடவென்று உதறும். கார் நினைத்த இடத்தில் நிற்காமல் முன்னே போகும். இதைப் பிறேக் பாட் பழுதென்று நினைத்து பாட் மாற்றியவர்களை நான் அறிவேன்.

எங்கள் ரோட்டுகளுக்கு ஏபிஎஸ் எதற்கு, விளக்குக்கு மேல் கறுப்பு ரேப்பை ஒட்டிவிட்டு ஓடுங்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இளகிய கிரவலில் ஏபிஎஸ் நிறுத்தும் தூரத்தைக் கூட்டக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் கிரவலில் மட்டுமா ஓடுகிறோம்? மழை இரவில் ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும். ஒட்டுசுட்டான் பக்கம் யானை குறுக்கே நிற்கும். அந்த நேரத்தில் முழுப் பலத்தோடு பிறேக்கை மிதித்துக்கொண்டே ஸ்ரேறிங்கைத் திருப்பி விலக முடிவது, சில்லுகள் பூட்டிக்கொள்ளாமல் சுழல்வதால்தான். ஏபிஎஸ் விளக்கு எரியும்போது சாதாரண பிறேக் வேலை செய்யும். இந்தப் பாதுகாப்பு மட்டும் இருக்காது. மறைத்த விளக்கு அதை ஓட்டுநருக்குச் சொல்லவும் மாட்டாது.

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, இருக்கின்ற வாகனத்தைத் திருத்தித் திருத்தியே ஓடும் நிலை எங்களுக்கு வந்தது. இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும் புதிய வாகனத்தின் விலை எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே திருத்துவோரிடம் மூன்று விடயங்களைக் கேட்கிறேன். எதை அளந்தீர்கள், என்ன அளவு வந்தது என்பதைப் பில்லில் எழுதித் தாருங்கள். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடமே கொடுங்கள். சோதிக்காமல் பூட்டிய சென்சரால் பிழை தீராவிட்டால் அதன் செலவை அவர் தலையில் கட்டாதீர்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். ஏற்கெனவே தொழில் செய்யும் மெக்கானிக்குகளுக்கென்று, சென்சர்களைச் சோதிக்கும் முறையை வார இறுதி வகுப்பாக அங்கே நடத்த முடியுமா என்று பொறுப்பானவர்கள் ஆராய வேண்டும் எனவும் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கார் உரிமையாளர் ஒருவர்,
மாங்குளம்.