சிலோன்காரர் வீட்டுத் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கோத்தகிரிக் கூட்டத்தில் நீ பேசிய வீடியோ எங்கள் தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கச் சுற்றுகிறது. "ஊடுருவியவனை ஒருத்தன் விடாமல் வண்டி ஏற்றுவோம்" என்றாய். கைதட்டல் பலமாக இருந்தது. உன் பேச்சுக்கு ஆட்கள் கூடுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அனுமதியில்லாமல் வந்தவரை விசாரித்துத் திருப்பி அனுப்ப எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விசாரணை என்ற பேச்சையே நீ எடுக்கவில்லையே! நீ கைகாட்டியது கொழுந்து பறிக்கிற ஜார்க்கண்ட் ஆட்களை. அவர்கள் இந்தியக் குடிமக்கள். இங்கே வந்து வேலை செய்ய யாரிடமும் அவர்கள் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நம் வீட்டுக் கதை உனக்குத் தெரியும். கண்டிச் சீமைக்கு, அதுதான் சிலோனுக்கு, வெள்ளைக்காரத் துரைமாருடைய தோட்டங்களுக்காகக் கூட்டிப்போன சனம் நாம். 1948ல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் அங்கே பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றார்கள். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யார் சர்டிபிகேட் எழுதி வைத்தார்கள்? அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் கள்ளத்தோணி, அதாவது திருட்டுத்தனமாகப் படகில் வந்தவன், என்று ஏசினார்கள். அப்புறம் 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஒப்பந்தம் போடும் முன்னே, போகிறாயா, இருக்கிறாயா என்று நம் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் இந்த மலையில் அரசு தேயிலை போட்டது. உன்னையும் என்னையும் வளர்த்த டேன்டீ, அரசுத் தேயிலைத் தோட்டம், அதுதான்.

சட்டம் தாளில் இருக்கும்போது அதில் நோட்டீஸ் உண்டு, விசாரணை உண்டு. மேடையில் அதெல்லாம் உதிர்ந்து, முகமும் பாஷையும்தான் மிஞ்சுகின்றன. 2019 தேர்தல் பிரசாரத்தில் அமித் ஷா ஊடுருவியவர்களைக் கரையான் என்றார். கரையானுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பார்கள்? 2025ல் மும்பையில் பிடிபட்ட மேற்கு வங்கத் தொழிலாளர்கள் சிலரை வங்கதேச எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். இந்தியர்கள் என்று தெரிந்த பிறகு திரும்ப அழைத்து வந்தார்கள். பெங்காலி பேசியதால் சந்தேகம் வந்தது, காகிதத்தைப் பார்க்கப் பொறுமை இல்லை. அந்தப் பொறுமையைக் கெடுத்ததில் மேடையில் பேசியவர்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். 'நான் பேசினேன், பிடித்தது போலீஸ்தானே' என்று நீ ஒதுங்க முடியாது.

நம் ஆட்களின் கோபம் எனக்கும் புரிகிறது. கூலி ஏறவில்லை, நிரந்தர வேலை இல்லை. சரி, அதைக் கேள். குறைந்த கூலிக்கு ஆள் இறக்குகிற ஏஜெண்டைக் கேள், இறக்கச் சொன்ன நிர்வாகத்தைக் கேள். அவர்கள் பேரை மட்டும் ஏன் தம்பி ஒரு கூட்டத்திலும் நீ எடுக்கவில்லை?

அடுத்து கூடலூரில் பேசப் போகிறாயாம். ஜார்க்கண்ட் ஆட்களைப் பற்றிக் கோத்தகிரியில் சொன்னது தவறு என்று அதே மைக்கில் சொல். நான் வந்து முன்வரிசையில் உட்காருகிறேன்.

அன்புடன்,
அக்கா