அப்பச்சியின் எக்கோ ரிப்போர்ட்

அன்புள்ள சோலை,

நலம். உன் கடிதமும் அப்பச்சியின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் நகலும் வந்து சேர்ந்தன. மழைக்கு முன்பே வளவின் ஓடுகளை மாற்றி முடித்துவிட்டாய் என்பதில் சந்தோஷம். மற்ற கதைகளைப் பிள்ளையார் நோன்புக்கு வரும்போது வைத்துக்கொள்ளலாம். இப்போது ரிப்போர்ட்டைப் பார்ப்போம்.

இதய உறையில் நீர், 14 மி.மீ., இதயம் அழுந்துவதற்கான அறிகுறி இல்லை. அதன் சாரம் இவ்வளவுதான். இதயத்தை மூடியிருக்கும் உறைக்கு இரண்டு படலம். அவை உரசாமல் வழுக்கிக்கொள்ள 15 முதல் 50 மில்லி வரை நீர் எல்லாருக்கும் உண்டு. கூடுதலாகச் சேர்ந்தால் எக்கோவில் இதயத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டையாகத் தெரியும். பட்டை 10 மி.மீ.க்குள் இருந்தால் கொஞ்சம், 20 வரை மிதம், அதைத் தாண்டினால் அதிகம்.

ஆபத்தைச் சொல்வது இந்த மி.மீ. கணக்கு அல்ல, நீர் சேர்ந்த வேகம். உறை சட்டென்று விரிந்து கொடுக்காது. காயத்தாலோ ஆபரேஷனுக்குப் பிறகோ ரத்தம் மளமளவென்று சேர்ந்தால் 200 மில்லியே ஆளைச் சாய்த்துவிடும். மாதக்கணக்கில் மெல்ல ஊறினால் ஒரு லிட்டரைச் சுமந்துகொண்டு நடமாடுகிறவர்கள் உண்டு. முதலில் நசுங்குவது இதயத்தின் வலது பக்க அறைகள். அங்கே சுவர் மெலிசு, உள்ளழுத்தமும் குறைவு. உள்ளே வர வேண்டிய ரத்தம் வர முடியாமல் கழுத்து நரம்பு புடைக்கும், வெளியே போவது குறைந்து பிரஷர் இறங்கும்.

இது புரிந்தால், லாசிக்ஸ் கொடுக்கலாமா, தண்ணீரைக் குறைக்கலாமா என்ற உன் இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் லாசிக்ஸ் மாத்திரையைக் கொடுக்காதே. அது சிறுநீராக வெளியேற்றுவது ரத்தத்தில் உள்ள நீரை. இதயம் அழுந்தியிருக்கும் நேரத்தில் உள்ளே வரும் ரத்தமும் குறைந்தால் பிரஷர் விழும். "நீர் கோத்திருக்கு, தண்ணியைக் குறைங்க" என்று ஆத்தா சொல்வதும் அப்படித்தான். குடித்த தண்ணீர் நேரே போய் அங்கே தேங்குவதில்லை. டாக்டர் வேறு காரணத்துக்காகக் கட்டுப்படுத்தியிருந்தால் ஒழிய, வழக்கம்போல் குடிக்கட்டும்.

கவனிக்க வேண்டியது: உட்கார்ந்திருக்கும்போதே கழுத்து நரம்பு புடைத்திருப்பது, நாடி 100-ஐத் தாண்டி ஓடுவது, மேல் பிரஷர் 100-க்குக் கீழே போவது, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, படுக்க முடியாமல் முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருப்பது. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே விடியட்டும் என்று காத்திருக்காதே. இரவிலும் எக்கோ எடுத்து, ஊசி குத்தி நீரை இறக்கக்கூடியவர் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து வை. மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து 90 கி.மீ. வாக்கில், அந்த நேரத்தில் போன் போட்டுத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று, டாக்டர் பழைய மாதிரி கையால் அழுத்தும் கருவியில் பிரஷர் பார்க்கட்டும். காற்றை மெல்ல மெல்ல விடும்போது முதலில் மூச்சை வெளியே விடும்போது மட்டும் சத்தம் கேட்கும். இன்னும் இறக்கினால் மூச்சை இழுக்கும்போதும் கேட்கும். இந்த இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 10-க்கு மேல் இருந்தால் இதயம் அழுந்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். உன் வீட்டு பேட்டரி கருவி இதைக் காட்டாது.

இனி, காரணம். ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் நாட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காசநோய்: சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, இரவு வியர்வை. அது உறுதியானால் ஆறு மாத மருந்து. பாதியில் விட்டால் உறை தடித்து இறுகிப்போகலாம், அப்புறம் ஆபரேஷன்தான். அப்பச்சிக்குக் குரல் கரகரத்து, மலச்சிக்கலும் அசதியும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை, டி.எஸ்.எச்., பார்க்கச் சொல். தைராய்டு குறைவுதான் காரணம் என்றால் மாத்திரையிலேயே நீர் சில மாதங்களில் வற்றிவிடும், ஊசிக்கு வேலையில்லை. கூடவே சிறுநீரகத்துக்காக யூரியா, கிரியேட்டினின், பிறகு மார்பு எக்ஸ்ரே. புற்றுநோயும் இப்படி நீரைச் சேர்க்கும். வயதை உத்தேசித்து அதையும் டாக்டர் மனதில் வைத்திருப்பார்.

ஊசி போட்டு எடுப்பதை நினைத்துப் பயப்படாதே. எக்கோவில் பார்த்துக்கொண்டே மார்பெலும்பின் கீழ்முனை ஓரமாகவோ, நீர் அதிகமாகத் தெரியும் இடத்திலோ குத்தி, மெல்லிய குழாயை விட்டுவைப்பார்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இறக்குவதில்லை. திடீரென்று அழுத்தம் நீங்கினால் இதயம் திணறுவதுண்டு. நாளொன்றுக்கு 25, 30 மில்லிக்குக் கீழே வடிந்தால் குழாயை எடுத்துவிடலாம். எடுத்த நீரை செல் கணக்கு, ஏ.டி.ஏ. (காசநோயைக் காட்டிக்கொடுக்கும் நொதி), காசநோய்க்கான ஜீன் பரிசோதனை, புற்றுச் செல் எல்லாவற்றுக்கும் அனுப்பினார்களா என்று கேள். 14 மி.மீ., அழுத்தமும் இல்லை என்னும்போது இதெல்லாம் இன்றைக்கே தேவைப்படாது.

உறையில் அழற்சி என்று சொன்னால் அதைத் தணிக்க கோல்ச்சிசின் மாத்திரை தருவார்கள். 70 கிலோவுக்குக் கீழ் என்றால் வழக்கமாக நாளுக்கு ஒருமுறை 0.5 மி.கி., மூன்று மாதம். வயிற்றுப்போக்கு வந்தால் சொல்ல வேண்டும். கிரியேட்டினின் கூடியிருந்தால் அளவைக் குறைப்பார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் பயிரிடும் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து எடுப்பதுதான் இந்த மருந்து. இதைக் கேட்டுவிட்டு யாராவது கிழங்கை அரைத்துக் கொடுக்கக் கிளம்பப் போகிறார்கள். அது உயிரைக் குடிக்கும் விஷம்.

அடுத்த எக்கோ ஒன்றிரண்டு வாரத்தில், முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். ஆள் மாறினால் அளவும் மாறும். டி.எஸ்.எச். வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
சிதம்பரம்