கூடையைத் திறந்து காட்டிவிட்டு விலை சொல்லுங்கள்: ஒரு பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். மே மாதத்தில் பாம்பனிலிருந்து தனிப் பேருந்து பிடித்து, இரவெல்லாம் பயணம் செய்து உங்கள் பூங்காவுக்கு வந்த 42 பேரின் சார்பில் இதை எழுதுகிறேன். நடந்ததை அன்று மாலையே உங்கள் உணவுப் பிரிவு மேலாளரிடம் நேரில் சொன்னோம். ஊர் திரும்பியபின் இரண்டு முறை மின்னஞ்சலும் அனுப்பினோம். இரண்டுக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில், ஓர் எழுத்துகூட மாறாமல் வந்தது. ஆகவே பழைய கதையை மறுபடி முழுதாகச் சொல்லாமல், முன்பணம் வாங்கிக்கொண்டு நீங்கள் விற்கும் உணவுத் திட்டத்தைப் பற்றி மட்டும், நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் கோரிக்கை சிறியது. உணவுத் திட்டத்தின் விலையை எழுதியிருக்கும் அதே பலகையில், உள்ளே ஒவ்வொரு பண்டமும் தனியாக வாங்கினால் என்ன விலை, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை கிடைக்கும் என்பதையும் எழுதி வையுங்கள்.

நான் விசைப்படகு ஒன்றின் கணக்கு எழுதுபவன். டீசல், ஐஸ், படி எல்லாம் போக மிஞ்சுவதைப் பங்கு பிரித்துக் கொடுப்பது என் வேலை. அதனால்தான் பயணப் பணத்தையும் என்னிடம் கொடுத்திருந்தார்கள். உங்கள் கவுண்டரில் பெரியவருக்கு 450 ரூபாய், சிறுவருக்கு 350 ரூபாய் என்றார்கள். மதியச் சாப்பாடு, ஐஸ்கிரீம், மாலைச் சிற்றுண்டி, ஒரு தண்ணீர்ப் புட்டி என நான்கும் அடங்கும், வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்றார்கள். தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "அது உள்ளே போனால்தான் தெரியும், சார். திட்டத்தை இங்கே மட்டும்தான் வாங்க முடியும்" என்று அந்தத் தம்பி சொன்னார். பின்னால் நீண்ட வரிசை நின்றது. எங்கள் வீட்டுப் பெண்கள் முந்தின நாள் மாலை கிளறிய புளிச்சோறும் அவித்த முட்டையும் காவலாளியின் சொற்படி பேருந்திலேயே தங்கிவிட்டன. 26 பெரியவர்கள், 16 சிறுவர்கள் என்று எண்ணி 17,300 ரூபாயைக் கட்டினேன்.

உள்ளே போய்ப் பட்டியலைப் பார்த்தபோதுதான் கணக்கு விளங்கியது. பிரியாணி 260, சிற்றுண்டி 110, ஐஸ்கிரீம் 80, தண்ணீர் 20, ஆக மொத்தம் 470. சிறுவருக்கு நூடுல்ஸ் 150. மற்றவை அதே விலையில், மொத்தம் 360. நான்கையும் ஒன்று விடாமல் தின்று தீர்க்கும் பெரியவருக்கு 20 ரூபாயும் சிறுவருக்கு 10 ரூபாயும் மிச்சம். ஐஸ்கிரீமைத் தொடாத பாட்டிக்கு 60 ரூபாய் நட்டம். சிற்றுண்டிக் கடை நாலரை மணிக்குத்தான் திறக்கும் என்பதும் அந்தப் பட்டியலின் கீழே பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் பேருந்து நாலு மணிக்குப் புறப்பட்டாக வேண்டும். ஆக, எங்கள் கூட்டம் முழுவதற்கும் 680 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், சிற்றுண்டி வகையில் மட்டும் 4,620 ரூபாயை இழந்தோம். காலையில் பூங்கா திறக்கும்போது வந்து, இரவு மூடும்வரை இருந்து, கொடுப்பதையெல்லாம் உண்ணக்கூடிய உள்ளூர்க்காரருக்கு உங்கள் திட்டம் இலாபமே. அதை நான் மறுக்கவில்லை. அந்த விலைப்பட்டியல் வெளியே இருந்திருந்தால் எங்களுக்கு இலாபமில்லை என்பதை ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பேன். கேட்டும் கிடைக்காத விவரத்தை விட்டுவிட்டுப் பணம் கட்டியது என் பிழைதான். அதற்காக ஊரில் இன்னமும் பேச்சு வாங்குகிறேன்.

பணத்தைக்கூட விடுங்கள். மனத்தை விட்டு அகலாமல் இருப்பது வேறொன்று. உணவுச் சீட்டு வைத்திருப்பவரே நேரில் வந்து நீட்ட வேண்டும் என்பது உங்கள் விதி. அதனால் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அவரவர் சீட்டைக் கொடுத்தோம். அது காகிதச் சீட்டு. எங்களோடு வந்த ஒன்பது வயதுச் சிறுவன் அதை நான்காக மடித்துக் கால்சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, நீங்கள் கட்டி வைத்திருக்கும் செயற்கை அலையில் குதித்துவிட்டான். ஒரு மணிக்கு உணவுக் கூடத்தில் அவன் பையிலிருந்து எடுத்து நீட்டியது ஊறிப்போன அப்பளம்போல இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் அதைத் தொடாமலே பார்த்துவிட்டு, பார்கோடு இல்லாமல் எதுவும் செய்ய இயலாது என்றார். கூட வந்த 41 பேரும் சாட்சி சொன்னோம், ரசீதைக் காட்டினோம், அதில் 42 என்று அச்சாகியிருந்தது. மேலாளர் வந்து, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். பையன் அழவில்லை. அந்தக் காகிதக் கூழை மேசைமேல் வைத்து, கிழியாமல் பிரித்துவிடலாம் என்று விரல்நுனியால் வெகுநேரம் முயன்றுகொண்டிருந்தான். அவன் தாய் முந்தானை முடிச்சிலிருந்து 150 ரூபாய் எடுத்து நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தபோது, "நான் சாப்பிட்டாச்சு" என்று பொய் சொன்னான்.

எங்கள் படகுகள் கடலுக்குப் போகும்போது மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டைப் பாலித்தீன் உறையில் போட்டு, வாய் கட்டி எடுத்துப் போவார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் காகிதம் நனையும் என்ற அறிவு எங்களுக்குத் தலைமுறைகளாக உண்டு. தண்ணீரையே விற்றுப் பிழைக்கும் உங்களுக்கு அது இன்னும் எட்டவில்லை என்பது வியப்பாக இருக்கிறது.

நாங்கள் ஏன் மே மாதத்தில் வந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பிள்ளைகளை எங்கேனும் அழைத்துப் போக எங்களுக்கு வாய்க்கும் நாட்கள் அவை மட்டுமே. வருமானம் இல்லாத நாட்களும் அவையே. 5,000 ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்ந்தது அரசின் தயவு. ஒரு குடும்பம் இரண்டு மாதத்துக்கு அதை வைத்துக்கொண்டு எண்ணி எண்ணிச் செலவழிக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு உங்கள் உணவுத் திட்டமே 1,600 ரூபாய்; அந்த நிவாரணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இப்போது திருமண மண்டபம் முதல் பிரசவம் வரை எல்லாமே 'பேக்கேஜ்' ஆகிவிட்டது; எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்பவன் கஞ்சன் என்று பெயர் வாங்குகிறான். மன்னிக்கவும், நான் கேட்க வந்தது விலைப்பட்டியலை.

அது சலுகை அன்று. பொருள், சேவை ஆகியவற்றின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வெளி உணவைத் தடுப்பதைப் பற்றி நான் வழக்காடவில்லை; திரையரங்குகள் அப்படித் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், சுகாதாரமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் இருக்கிறது. நீங்கள் தண்ணீர்ப் புட்டியைத் திட்டத்தின் வரமாக விளம்பரம் செய்கிறீர்கள். ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டிலும் இத்தகைய முன்பண உணவுத் திட்டம் உண்டு. 2020இல் நிறுத்தி, 2024 ஜனவரியில் மறுபடி தொடங்கினார்கள். உண்ணாமல் விட்ட சாப்பாடு விடுதியைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு அங்கும் காலாவதியாகிவிடும்; அவர்களும் தருமசாலை நடத்தவில்லை. ஆனால் எந்த உணவகத்தில் எது என்ன விலை என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பார்த்து, திட்டம் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் மக்கள் பணம் கட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் கரையில் ஏலம் விடும்போது கூடையைக் கவிழ்த்து மீனைக் காட்டிய பிறகுதான் விலை கேட்பார்கள். மூடிய கூடைக்கு முன்பணம் கேட்டால் வியாபாரி சிரித்துக்கொண்டே அடுத்த படகுக்குப் போய்விடுவார்.

ஆகவே பணிவுடன் மறுபடியும் கேட்கிறேன்: விலையும் நேரமும் எழுதிய பலகை கவுண்டருக்கு வெளியே, பணம் கட்டும் முன் கண்ணில் படும்படி இருக்கட்டும். முடிந்தால் சீட்டுக்குப் பதிலாக நனையாத கைப்பட்டை கொடுங்கள். பயன்படாத 41 சிற்றுண்டிச் சீட்டுகளை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அவற்றுக்குரிய பணத்தைத் தருவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பது எங்கள் விருப்பம். நாற்பத்திரண்டாவது சீட்டை அனுப்ப இயலவில்லை. அது உங்கள் உணவுக் கூடத்து மேசையிலேயே ஒட்டிக்கொண்டது.

அடுத்த தடைக்காலத்துக்குப் பிள்ளைகள் மறுபடியும் உங்கள் பூங்காவையே கேட்கிறார்கள். ஏப்ரல் 15க்கு முன் பலகை மாட்டியிருந்தால் ஒரு வரி எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து வந்த 42 பேர் சார்பில்,
கணக்கு எழுதுபவன்