டிரம் பாவம் என்ன செய்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தக்கலையில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். போன மாதம் குலசேகரத்து அக்கா ஒருவர், என் கடையில் எடுத்த வருமானச் சான்றிதழை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். "அண்ணே, இந்தக் கட்டம் செரியில்லன்னு சொல்லுதாவ." உண்மைதான். கியூஆர் கட்டத்தில் சில வரிகள் வலப்பக்கம் விலகிக் கிடந்தன.

சர்வீஸ்காரர் வந்தார். "உப்புக்காத்து, டிரம் போச்சு. 4,800 ஆகும்" என்றார். டிரம் என்பது பிரிண்டருக்குள் மையைத் தாளில் பதிக்கும் உருளை. கடல் இருப்பது குளச்சலில், என் கடை தக்கலையில்! ராத்திரி தாளை மறுபடி பார்த்தேன். 'ழ' எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் உடைந்திருந்தது. பக்கத்து எழுத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. டிரம் கெட்டால் ஓர் எழுத்தை மட்டுமா தேடிப்பிடித்துக் கெடுக்கும்? பிரிண்டர் கேபிளை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். பளிச்சென்று வந்தது. அப்படியானால் குற்றவாளி, மூன்று கம்ப்யூட்டருக்கும் பொதுவாக, பிரிண்டருக்கு முன்னால் நடுவே உட்கார்ந்திருக்கும் பிரிண்ட் சர்வர் பெட்டி.

அந்தப் பெட்டியில் பில் போடும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மாட்டினேன். இரண்டு பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால், தனக்கு வரும் ஒவ்வொரு பைட்டையும், அதாவது தகவல் துணுக்கையும், அது 0A, 0D என்பதுபோன்ற எண்ணாக அச்சடிக்கும். 0A வந்த இடத்திலெல்லாம் அதற்கு முன்னால் நான் அனுப்பாத ஒரு 0D ஒட்டிக்கொண்டிருந்தது. வெறும் எழுத்துக் கோப்பென்றால் 0A வரி முடிவு. 0D சேர்த்தால்தான் அடுத்த வரி இடது ஓரத்தில் தொடங்கும். படத்திலோ, எழுத்துருவிலோ அதே 0A வெறும் புள்ளிகள். கோலத்தில் நடுவே ஒரு புள்ளி கூடுதலாக வைத்தால் அந்த வரிசையே தள்ளிப்போகுமே, அதுதான் நடந்திருக்கிறது. 'ழ'வின் புள்ளிகளுக்குள் ஒரு 0A இருந்திருக்க வேண்டும்.

பெட்டியில் அச்சு வேலைகள் போகும் வரிசைகள் உண்டு: வெறும் எழுத்துக்கு ஒரு வரிசை, உள்ளதை உள்ளபடி அனுப்ப 'ரா' என்றொரு வரிசை. என்னுடையது 'ரா'வில்தான் இருந்தது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு அதிலும் 0D நுழைந்துவிட்டது. அந்த வரிசைகளை விட்டு, பிரிண்டருக்கு நேராக அனுப்பும் 9100 போர்ட் என்ற வழிக்கு மாற்றினேன், சரியானது. செலவு ஒரு பைசா இல்லை.

பெட்டி விற்பவர்கள் இப்படிப்பட்ட கோளாறு தெரிந்ததும் வாங்கியவர்களுக்குச் சொல்லவேண்டும். சர்வீஸ்காரர்களும் டிரம்மில் கைவைக்கும் முன் கேபிளை ஒருமுறை நேராக மாட்டிப் பார்க்கட்டும். அக்காவுக்கு வேறு பிரதி காசில்லாமல் கொடுத்தேன். பஸ்ஸும் அவருக்கு இலவசம்தான். இரண்டு நாள் அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) கூலி போனதை யார் கொடுப்பார்?

- ஜெராக்ஸ் கடைக்காரர், தக்கலை